விண்மீன் தாங்கிய வண்டிகள்

காவிரிப் படுகையில் நெல் மூட்டை சுமந்த மாட்டு வண்டிகளின் இடத்தை லாரிகள் பிடிக்கத் தொடங்கிய காலத்தில், அவற்றுள் பலவற்றின் முகப்பில் ஒரு வட்டமும் அதனுள் மும்முனை விண்மீனும் இருந்தன. 1954-ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, ஜாம்ஷெட்பூரில் லாரிகளைக் கட்டத் தொடங்கியது. 1969 வரை நீடித்த அந்த உறவின் அடையாளமே அவ்விண்மீன். நம் சிறுவயதிலும் அப்பழைய வண்டிகளுள் சில, அரிசி ஆலை வாசல்களில் பெருமூச்சு விட்டபடி நின்றதுண்டு. "பென்ஸ் லாரி" என்று பெரியவர்கள் சொல்லும்போது, குடும்பத்தில் ஒரு நல்ல மாட்டின் பெயரைச் சொல்வது போன்ற மரியாதை அக்குரலில் இருக்கும்.

அதே 1954-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அதே விண்மீனைத் தாங்கிய மற்றொரு வண்டி நியூயார்க் நகரக் கண்காட்சி ஒன்றில் உலகின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் பெயர் 300 எஸ்.எல். கதவுகள் பக்கவாட்டில் திறவாமல் மேல்நோக்கித் திறக்கும். இரண்டையும் திறந்து வைத்தால், கடற்காகம் ஒன்று சிறகு விரித்துப் பறக்க எழுந்தது போலிருக்கும். ஒரே பட்டறையின் பெயர் தாங்கிய இரு பிள்ளைகள்: ஒன்று நம் நெல்லைச் சுமக்க வந்தது, மற்றது செல்வந்தரின் கண்ணைக் கவரப் போனது.

இரண்டாவதாகச் சொன்ன பிள்ளையைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. நம் பங்கில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கீற்றுக் கொட்டகையில் வேளாங்கண்ணி மாதாவின் படத்துக்குப் பக்கத்திலேயே, பழைய நாள்காட்டி ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த 300 எஸ்.எல். படம் ஒட்டப்பட்டிருக்கிறது. பங்குப் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் அதைக் கண்டு மனம் வருந்தி நம்மிடம் வந்தார். "மாதா படத்துக்குப் பக்கத்துல கார் படமா சாமி? கழட்டச் சொல்லுங்க" என்றார். அவர் வருத்தம் பொய்யானதன்று. உலகப் பொருள்மீது கொள்ளும் பற்றைக் கண்டித்து நாமும் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். ஆயினும், கழற்றச் சொல்வதற்கு முன் அந்த வண்டி யாது, எங்கிருந்து வந்தது, ஏன் மனிதரை இப்படி ஈர்க்கிறது என்று அறிந்துகொள்வது நலமெனத் தோன்றியது.

முதலில் பெயரைப் பார்ப்போம். எமில் யெல்லினெக் என்பவர் தென் பிரான்சின் நீஸ் நகரில் வாழ்ந்த ஆஸ்திரிய வணிகர். வியன்னாவின் புகழ்பெற்ற யூத ரபி ஒருவரின் மைந்தர். டைம்லர் நிறுவனத்தாரிடம் அவர் தாழ்வாகவும் நீளமாகவும் விரைவாகவும் ஓடக்கூடிய ஒரு காரைச் செய்து தருமாறு கேட்டு, அதற்குத் தம் மகளின் பெயரைச் சூட்டினார். 1901-ஆம் ஆண்டு நீஸ் நகரப் பந்தயங்களில் வென்ற அந்தக் காரே, குதிரை வண்டியின் சாயல் நீங்கிய முதல் கார் எனப் போற்றப்படுகிறது. மகளின் பெயர் மெர்சிடிஸ். இது இஸ்பானிய நாட்டில் பெண் குழந்தைகளுக்கு இடும் பெயர். நம் அன்னை மரியாளின் பட்டங்களுள் ஒன்றிலிருந்து பிறந்தது. அடிமைகளாய்ப் பிடிபட்ட கிறிஸ்தவர்களை மீட்பதற்காக 1218-இல் பார்சிலோனாவில் புனித பேதுரு நொலாஸ்கோ ஒரு துறவற சபையைத் தோற்றுவித்தார். அச்சபையின் பாதுகாவலியான இரக்கத்தின் அன்னைக்கு உரியது அப்பட்டம். செப்டம்பர் 24 அவ்வன்னையின் திருநாள். கைதியை விடுவிக்க வேறு வழியில்லையெனில் தம்மையே பிணையாக ஒப்புக்கொடுப்போம் என்பது அத்துறவியர் எடுத்த நான்காம் வாக்குறுதி.

ஆக, கொட்டகைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்ததும் ஒரு வகையில் மாதாவின் பெயரே! பேரவை உறுப்பினரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தாரேயன்றி ஒப்பவில்லை. பெயரால் மட்டும் ஒரு பொருள் தூய்மை பெற்றுவிடுமா என்று அவர் கேட்டது சரியான கேள்வி.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதைக் காவிரிக் கரையாருக்கு விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம்மிடம் இருவகை வண்டிப் பெருமை உண்டு. ஒன்று தேர். திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். நம் வேளாங்கண்ணி, பூண்டி மாதா தேர்ப்பவனிகளையும் நினைத்துப் பாருங்கள். தேரின் அழகு அதன் கனத்திலும் மெதுவிலும் இருக்கிறது. ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தார்கள். ஓட்டுவதற்கு மக்கள் கைகள் போதும், நிறுத்தத்தான் பொறியியல் வேண்டியிருந்தது. மற்றொன்று ரேக்ளா. பார வண்டிக்கு உரிய எதுவும் அதில் இராது. சாரதிக்கும் துணையாளுக்கும் இடம் இருந்தால் போதும், எஞ்சியதெல்லாம் கழிக்கப்பட்டுவிடும். பெரிய மாடு, சின்ன மாடு எனப் பிரிவு பிரித்துப் பந்தயம் நடக்கும்போது சாலையின் இரு மருங்கிலும் நிற்கும் கூட்டத்தின் கண்களில் தெரியும் ஒளியை நாம் பார்த்திருக்கிறோம். அவ்வண்டிகளால் யாருக்கும் ஒரு மரக்கால் நெல் வீடு வந்து சேர்வதில்லை. ஆயினும் அந்த ஒளி பொய்யானதன்று.

300 எஸ்.எல். ஒரு ரேக்ளாதான். "எஸ்.எல்." என்ற எழுத்துகளுக்கு ஜெர்மானிய மொழியில் "மிக இலேசானது" என்று பொருள், பெயரிலேயே விரைவைக் குறிக்கும் சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போரில் தோற்றுச் சிதைந்த நாட்டில், பந்தயத்துக்கெனப் புது எஞ்சின் செய்யப் பணமில்லை. எனவே, கொலோன் நகரக் கத்தோலிக்கரான ஜெர்மன் தலைமையமைச்சர் அடினாயர் பயணம் செய்த பெரிய 300 வகைக் காரின் எஞ்சினையே எடுத்துக்கொண்டார்கள். கனமான அந்த எஞ்சினைச் சுமக்கும் சட்டகத்தை இலேசாக்குவது ஒன்றே வழி. பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹாட், மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோண முக்கோணமாக இணைத்து, பறவைக் கூடு போன்ற ஒரு சட்டகத்தைச் செய்தார். அந்தக் குழாய்ப் பின்னல் உறுதியாக நிற்க, வண்டியின் இருபுறமும் இடுப்பளவு உயர வேண்டியிருந்தது. பக்கவாட்டில் கதவு வைக்க இடமில்லை. ஆகவே கதவு மேல்நோக்கித் திறந்தது. முகப்பைத் தாழ்த்துவதற்காக எஞ்சினையும் நிமிர்த்தி வைக்காமல் 50 பாகை சாய்த்துப் படுக்க வைத்தார்கள். உலகமே வியந்த அச்சிறகுகள் அழகுக்காக வரைந்தவை அல்ல என்பதே இதில் நம்மைக் கவர்வது. 1952-இல் பிரான்சின் ல மான் பந்தயத்திலும் மெக்சிகோ நாட்டின் நெடும்பந்தயத்திலும் அவ்வண்டி வென்றது. ஈராண்டுகளுக்குப் பின் அதைச் சாலையில் ஓடும் காராக்கி விற்றார்கள். போர் விமானங்களில் பயன்பட்ட முறைப்படி எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் அமைப்பு அதில் இருந்தது. சிறகுக் கதவு கொண்டவை 1957 வரை 1,400 மட்டுமே உருவாயின. இத்தனை செய்த ஊலன்ஹாட், தமக்கெனச் சொந்தமாக ஒரு கார் வைத்திருந்ததில்லை என்பர்.

மற்றொரு மரபு போர்ஷே குடும்பத்தாருடையது. ஃபெர்டினாண்ட் போர்ஷே சாதாரண மக்களுக்கென வடிவமைத்த வண்டியே, வண்டு போன்ற உருவால் உலகெங்கும் அறியப்பட்ட ஃபோக்ஸ்வாகன். போருக்குப் பின் அவருடைய மகன் ஃபெர்ரி, ஆஸ்திரிய மலையூராகிய க்மூண்டில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் ஒதுங்கியிருந்தபோது, அந்த ஏழை வண்டியின் உறுப்புகளைக் கொண்டே 1948-இல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார். 356 என்ற எண்ணே அதன் பெயர். 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அதன் வாரிசு வந்தது. 901 என்று பெயரிட்டார்கள். நடுவில் சுழியம் உள்ள மூவிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனத்தார் தடை சொல்லவே 911 ஆயிற்று.

911-இல் ஒரு குறை உண்டு. எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பொறியியல் நூல்கள் அதைத் தவறான இடம் என்றே கூறும். வளைவில் வேகமாய்த் திரும்பினால், வால் கனத்த மாட்டு வண்டி போல் பின்பக்கம் வெளியே வீசும். தொடக்க காலத்தில் முன்பக்க பம்பருக்குள் இரும்புக் கனங்களை ஒளித்து வைத்துக்கூடச் சமன்செய்து பார்த்தார்கள். பிறகு சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள், டயரை அகலமாக்கினார்கள், அச்சுகளின் தொங்கலமைப்பை மாற்றினார்கள். 1990-களின் இறுதியில் காற்றால் குளிரும் எஞ்சின் போய் நீரால் குளிரும் எஞ்சினும் வந்துவிட்டது. ஆனால் எஞ்சினை இடம் மாற்றவில்லை, உருவையும் மாற்றவில்லை. அறுபது ஆண்டுகளாக ஒரே குறையைச் சுமந்துகொண்டு, அதைத் தள்ளிவிடாமல் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். இறையருள் மனித இயல்பை அழித்துவிட்டுச் செயல்படுவதில்லை என்று குருமடத்தில் கற்றது நமக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு காரைக் கண்டு இறையியலா என்று வாசகர் நகைக்கலாம். விதையையும் புளிப்பு மாவையும் கண்டு இறையாட்சியைப் பேசியவரின் சீடர்கள் அன்றோ நாம்!

புனித தோமா அக்குவினார் அழகுக்கு மூன்று இலக்கணம் சொல்கிறார்: குறைவற்ற முழுமை, உறுப்புகளின் இசைவு, ஒளிர்வு. எந்தப் பகுதியும் வீணாக நில்லாமல் தன் பணிக்கு ஏற்ற உருவத்தோடு நிற்பதையே இசைவு என்கிறோம். ஒரு நல்ல வீணையிலும், சுவாமிமலைச் சிற்பியர் வார்த்த திருமேனியிலும், களத்தில் நெல் தூற்றும் முறத்திலும் அதைக் காண்கிறோம். இந்த ஜெர்மானிய வண்டிகளிலும் இருப்பது அதுவே. எனவே, கொட்டகையில் படம் ஒட்டிய அந்த இளைஞரின் கண் கண்டது மெய்யான ஒரு நன்மையை. வாங்கும் வசதியோ, வாங்கும் எண்ணமோ அவருக்கு இல்லை. அழகான பொருளைக் கண்டு மகிழ்வதெல்லாம் பேராசை எனக் கருதும் மறையுரைகள், சபைப் பிதாக்கள் கற்பித்ததைவிடக் கடுமையானவை என்பது நம் கருத்து.

எனினும், கதையின் மறுபக்கத்தைச் சொல்லாமல் படத்தை மட்டும் வாழ்த்துவது முறையாகாது. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-இல் ஸ்டுட்கார்ட் நகரில் தம் வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியபோது, கூட்டாளியாகப் பணம் இட்டவர்களுள் ஒருவர் அடால்ஃப் ரோசன்பெர்கர். கார்ப் பந்தய வீரர்; யூதர். 1935-இல் அவருடைய பங்கு சொற்ப விலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு அவர் கைதாகிக் கிஸ்லாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையானபின் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் வேறு பெயரோடு வாழ்ந்து 1967-இல் இறந்தார். நீண்ட காலம் அந்நிறுவனத்தின் வரலாற்றில் அவர் பெயர் உரிய இடத்தில் இல்லை. போர்க்காலத்தில் ஃபோக்ஸ்வாகன் ஆலையிலும் டைம்லர்-பென்ஸ் ஆலைகளிலும் கட்டாய உழைப்பாளிகளும் வதைமுகாம் கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். கைதிகளை மீட்கும் அன்னையின் பெயர் முகப்பில், கைதிகள் ஆலைக்குள்ளே. ஒரு யூத ரபியின் பேத்திக்கு இட்ட பெயர் அது என்பதையும் சேர்த்து எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

1955-ஆம் ஆண்டு மே முதல் நாள், 300 எஸ்.எல்.ஆர். என்ற பந்தயக் கார் இத்தாலியில் ஆயிரம் மைல் தூரத்தைப் பத்து மணி நேரம் ஏழு நிமிடத்தில் கடந்து வென்றது. ஓட்டியவர் ஸ்டர்லிங் மாஸ். பக்கத்தில் அமர்ந்த தாடிக்காரர் ஜென்கின்சன், வழியின் வளைவுகளை எல்லாம் ஒரு நீண்ட காகிதச் சுருளில் எழுதி வைத்து, கையசைவால் குறிப்புக் காட்டிக்கொண்டே வந்தார். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 157 கிலோமீட்டர்; அதுவும் ஊர்களுக்குள் நுழைந்து போகும் சாலைகளில். ஆறு வாரத்துக்குள், ஜூன் 11 அன்று, ல மான் பந்தயத்தில் அதே வகைக் கார் ஒன்று, முன்னால் திடீரென ஒதுங்கிய வேறொரு காரின்மேல் மோதி எழும்பி, பார்வையாளர் கூட்டத்தை ஒட்டிய மண் தடுப்பில் விழுந்து சிதறியது. ஓட்டிய பியேர் லெவே இறந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். எடை குறையட்டும் என்று மக்னீசியக் கலவையால் செய்த உடல், வெண்ணிற நெருப்பாக எரிந்தது. மெலிவே அழகு என்று மேலே எழுதினோம். அம்மெலிவு எரிந்ததையும் எழுதத்தான் வேண்டும். அன்றிரவே மெர்சிடிஸ் கார்கள் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன. ஆண்டிறுதியில் நிறுவனம் பந்தயங்களையே விட்டு ஒதுங்கிப் பல்லாண்டுகள் திரும்பவில்லை.

அந்த 300 எஸ்.எல்.ஆர். காரின் உடன்பிறப்பாக, கூரையும் சிறகுக் கதவும் கொண்ட கார்கள் இரண்டு செய்யப்பட்டன. பந்தயத்தில் ஓடாதவை. அவற்றுள் ஒன்று 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய். அதுவரை எந்தக் காருக்கும் யாரும் கொடுத்திராத விலை. அத்தொகை இளைஞர்களின் கல்விக்கான நிதியமாக்கப்பட்டது.

இதைக் கேட்டதும், பெத்தானியாவில் உடைந்த நறுமணத் தைலச் சிமிழே நம் நினைவுக்கு வருகிறது. முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி அங்கே எழுந்தது. ஆண்டவர் அப்பெண்ணின் பக்கம் நின்றார். ஆனால், அந்நிகழ்ச்சியைக் காட்டி எதையும் நியாயப்படுத்திவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. கோயில் வளைவுகளுக்கும் மின்விளக்கு அலங்காரங்களுக்கும் பணம் திரட்டும்போதெல்லாம் பெத்தானியா வீடு நம் உதவிக்கு வந்துவிடுகிறது! அப்பெண் தைலத்தைப் பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்கவில்லை. கொட்டினாள் என்பதை மறந்துவிடுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் குருமாணவரிடமும் துறவறப் பயிற்சியினரிடமும் பேசுகையில், புத்தம்புதுக் காரில் வரும் குருவையும் அருள்சகோதரியையும் காணும்போது தம் மனம் நோவதாகக் கூறினார். 2017-இல் லம்போர்கினி நிறுவனம் அவருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பரிசளித்தது. அது இத்தாலியப் பெயர், ஆனால் ஜெர்மானியக் குழுமத்தின் உடைமை. அவர் அதை மந்திரித்து, முகப்பில் கையெழுத்திட்டு, ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். ஈராக்கில் வீடிழந்த நினிவே சமவெளிக் கிறிஸ்தவர்களுக்கும் பிற அறப்பணிகளுக்கும் அப்பணம் போயிற்று. அக்காரைப் பழித்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

நம் படுகைச் சாலைகளில் இத்தகைய கார்கள் ஓட வழியில்லை. வாய்க்கால் கரைகளை ஒட்டி நெளியும் சாலை. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அடிவயிறு தாழ்ந்த 911, முதல் வேகத்தடையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அக்கார்கள் எழுப்பும் வேக ஆசை வேறு உருவில் வந்து சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுச் சம்பளத்திலும் தவணைக் கடனிலும் வாங்கிய விரைவு மோட்டார் சைக்கிள்களை, புதிதாக வந்த மறுநாளே கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நாமும் தீர்த்தம் தெளித்து, கைப்பிடியில் செபமாலை சுற்றிக் கொடுக்கிறோம். நாம் மந்திரித்த வண்டியில் போன பிள்ளையை நாமே அடக்கம் செய்த நாளும் உண்டு. எலும்பு முறிந்து வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவரைச் சந்திக்கப் போகும்போது, ஒரு மூலையில் நசுங்கிய வண்டி துணி போர்த்தி நிற்பதைக் காண்கிறோம். ஆகவே, பேரவை உறுப்பினரின் அச்சத்தை முதியவரின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை.

படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. ஒரு மாலை நேரத்தில் கொட்டகைக்குச் சென்று, மேலே எழுதியவற்றையெல்லாம் அந்த இளைஞருக்கு எடுத்துச் சொன்னோம். மாதாவின் பெயர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ரோசன்பெர்கர் கதையின்போது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். ல மான் விபத்தைச் சொல்லி முடித்தபோது சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்த வண்டிக்கு டிஸ்க் பிரேக் இல்லீங்களா சாமி?"

"இல்லை தம்பி. டிரம் பிரேக்தான். அது போதாதென்று காற்றைத் தடுக்க முதுகில் ஒரு மூடி தூக்கி நிற்கும். டிஸ்க் பிரேக் இருந்தது முன்னால் போன ஜாகுவாருக்கு. அது பிரேக் பிடித்ததும், பின்னால் வந்த இன்னொரு கார் மோதாமல் இருக்க ஒதுங்கியது. அதன்மேல்தான் இது மோதியது."

"முன்னால போறவன் டக்குனு நிப்பாட்டிடுவான், பின்னால வர்றவனால முடியாது." அவர் தலையசைத்துக்கொண்டார். "அப்புறம் இவங்க எப்பங்க சாமி டிஸ்க் போட்டாங்க?"

"நீ ஒட்டியிருக்கிறாயே, அந்த 300 எஸ்.எல். குடும்பத்துக்கு 1961-இல்."

"ஆறு வருசம் கழிச்சு" என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பின், ஸ்டாண்டில் நின்ற பால்காரரின் டி.வி.எஸ். வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் ஷூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத நாளைக்கு மாத்திக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு சாமி" என்றபடி, சுவரில் தொங்கிய பையிலிருந்து புதிய ஷூ ஒன்றைத் தேடத் தொடங்கினார்.